வளைவைக் கேட்டுப் பெட்டியை வாங்குங்கள்

பழைய பொம்மை ரயில் சேர்க்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு

எஞ்சின் எப்படியோ கிடைத்துவிடுகிறது. பக்கத்துத் தெரு எஸ்டேட் சேலில், பழைய பொருள் கடையில், ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரின் பேஸ்மென்ட் அலமாரியில். கனமான கறுப்பு லயனல் நீராவி எஞ்சின் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்ததும் அடுத்த கேள்வி எழுகிறது: இதன் பின்னால் எதைக் கோப்பது? சரக்குப் பெட்டி என்றால் பெரிதாக யோசிக்க வேண்டாம். நிஜ ரயிலிலேயே ஒரு நிறுவனத்துச் சரக்குப் பெட்டி இன்னொரு நிறுவனத்து எஞ்சினுக்குப் பின்னால் நாடு முழுக்கச் சுற்றியது. பயணிகள் வண்டி அப்படியல்ல. நிறம், நீளம், கூரையின் உயரம், ஜன்னல் வரிசை, பெயர் எல்லாம் சேர்ந்து எஞ்சினோடு ஒரே உருவமாக நிற்க வேண்டும். புதிதாக வருபவர்கள் அதிகம் பணம் விடுவதும் இந்த இடத்தில்தான்.

நான் பேசப்போவது அமெரிக்காவின் லயனல் வண்டிகளைப் பற்றி. ஜோஷுவா லயனல் கோவன் 1900இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் அது. போருக்குப் பின், அதாவது 1945 முதல் 1960கள் வரை, வந்த ஓ கேஜ் வண்டிகளே இன்று புதியவர்கள் கைக்கு எளிதில் கிடைப்பவை. போருக்கு முந்தையவற்றைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தொடுகிறேன்.

1. எஞ்சினைப் பார்க்குமுன் வளைவைப் பாருங்கள்.

லயனல் ஓ கேஜ் தண்டவாளத்தில் மூன்று அளவுகள் முக்கியமானவை. ஓ27 வளைவுத் துண்டுகளைக் கோத்தால் சுமார் 27 அங்குல விட்டமுள்ள வட்டம் வரும். ஓ31 என்றால் 31 அங்குலம். ஓ72 என்றால் 72 அங்குலம், அதாவது ஆறடி. மூன்றிலும் வெளித் தண்டவாளங்கள் இரண்டுக்கும் நடுவே உள்ள அகலம் ஒன்றேகால் அங்குலம்தான். அதனால் எந்தப் பெட்டியும் எந்தத் துண்டின் மேலும் உட்கார்ந்துவிடும். உட்காருவது வேறு, திரும்புவது வேறு.

உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால் தண்டவாளத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். ஓ27 என்றால் 7/16 அங்குலம். மற்ற இரண்டும் 11/16 அங்குலம். வட்டம் முடிய எட்டுத் துண்டுகள் போதுமென்றால் ஓ27 அல்லது ஓ31. பதினாறு வேண்டுமென்றால் ஓ72.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? நிஜ அமெரிக்கப் பயணிகள் பெட்டி ஒன்றின் நீளம் 85 அடி. ஓ அளவில், அதாவது 48இல் ஒரு பங்காகக் குறைத்தால், அது 21¼ அங்குலம். அவ்வளவு நீளப் பெட்டி 31 அங்குல வட்டத்தில் திரும்பினால் அதன் நடுப்பகுதி உள்பக்கம் பெரிதும் தள்ளிக்கொண்டு வரும், முனைகள் வெளியே நீண்டுகொண்டு போகும், கொக்கிகள் ஒன்றையொன்று இழுத்துச் சக்கரத்தைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிவிடும். லயனல் பொறியாளர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் நீளத்தைச் சுருக்கி இரண்டு குடும்பங்களாகப் பெட்டிகளைச் செய்தார்கள். ஓ31 வளைவுக்காக ஒன்றேகால் அடி அளவிலான பெரிய பெட்டிகள். ஓ27 வளைவுக்காக ஓர் அடிக்கு உட்பட்ட சிறிய பெட்டிகள். எண்ணைப் பார்த்தாலே பெரும்பாலும் குடும்பம் தெரிந்துவிடும்: 2400இல் தொடங்கும் வரிசை சிறியது, 2500இல் தொடங்கும் அலுமினிய வரிசையும் 2600இல் தொடங்கும் பேக்கலைட் வரிசையும் பெரியவை. விற்பவர் எவ்வளவு புகழ்ந்தாலும் உங்கள் மேசையின் வளைவு எந்தக் குடும்பத்தை ஏற்கிறதோ அதற்குள்தான் உங்கள் தேர்வு.

2. வாங்குமுன் ஓர் அட்டை வெட்டுங்கள்.

பெட்டியின் நீளமும் அகலமும் கொண்ட ஓர் அட்டைத் துண்டு. சக்கரத் தொகுதிகள் சுழலும் இரண்டு புள்ளிகளிலும் தலா ஒரு குண்டூசியைக் குத்துங்கள். அந்த இரண்டு ஊசிகளும் நடுத் தண்டவாளத்தை விட்டு விலகாமல் அட்டையை உங்கள் லேஅவுட் முழுக்க நகர்த்திக்கொண்டு போங்கள். அட்டையின் விளிம்பு எங்கெல்லாம் தொடுகிறதோ அங்கெல்லாம் நிஜப் பெட்டியும் இடிக்கும். சுரங்கத்தின் வாய், நடைமேடையின் ஓரம், சிக்னல் கம்பம், பக்கத்துத் தடத்தில் எதிரே வரும் வண்டி ஆகியவற்றை இதிலேயே பார்த்துவிடலாம். கால் மணி நேர வேலை. பெட்டியை வாங்கிய பின் மலையை உடைத்துச் சுரங்கத்தை அகலமாக்குவதை விட எவ்வளவோ மேல்.

3. ஸ்விட்சுகளைத் தனியாகச் சோதியுங்கள்.

வளைவு இடம் கொடுத்தாலும் தடம் மாற்றும் ஸ்விட்ச் இடம் கொடுக்காமல் போகலாம். ஓ27 ஸ்விட்சுகளில் மோட்டார் வைத்த கூடு தண்டவாளத்துக்கு மிக நெருக்கமாக நிற்கிறது. நீளமான பெட்டியின் முனையும் பெரிய எஞ்சினின் படிக்கட்டும் அதில் உரசும். 022 என்ற எண்ணுள்ள ஓ31 ஸ்விட்சுகள் பெரிய வண்டிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஓ27 மேசையில் பெரிய பெட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஸ்விட்ச் இல்லாத ஓ31 வட்டம் ஒன்றை அதற்கென ஒதுக்குங்கள்.

4. கூரையின் கோட்டைக் கண்ணால் பின்தொடருங்கள்.

அளவு விகிதம் பற்றிப் புதியவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். இது 48இல் ஒன்றா, 64இல் ஒன்றா என்று கேட்கிறார்கள். பொம்மை ரயிலில் அது இரண்டாம் பட்சம். எஞ்சினும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதுதான் முதல் பட்சம். எஞ்சினையும் ஒரு பெட்டியையும் சேர்த்து நிறுத்தி, உங்கள் கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, எஞ்சினின் உச்சியிலிருந்து பெட்டியின் கூரை வரை பாருங்கள். கோடு திடீரென்று ஏறினாலும் இறங்கினாலும் அந்தச் சேர்க்கை வேண்டாம்.

சில சேர்க்கைகளை நான் தயங்காமல் சொல்வேன். 2026, 2036 போன்ற சிறிய நீராவி எஞ்சின்களுக்கு 2400 வரிசைப் பெட்டிகள். பச்சை உடலும் சாம்பல் கூரையும் கொண்ட 2400 மேப்பிள்வுட், 2401 ஹில்சைடு, 2402 சாத்தம் மூன்றும் 1948இல் வந்தவை. 1950இல் யூனியன் பசிபிக்கின் மஞ்சள் ஆல்கோ டீசல் எஞ்சினோடு 2481 பிளெயின்ஃபீல்டு, 2482 வெஸ்ட்ஃபீல்டு, 2483 லிவிங்ஸ்டன் என்று மஞ்சள் நிறத்திலேயே மூன்று பெட்டிகள் வந்தன. லயனலின் ஐம்பதாம் ஆண்டு வெளியீடு அது. எல்லாம் தொழிற்சாலையைச் சுற்றியிருந்த நியூஜெர்சி ஊர்களின் பெயர்கள். நியூஜெர்சியில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் பலர் வேலைக்குப் போகும் வழியில் தினமும் கடக்கிற ஊர்கள். தம் ஊர்ப் பெயரெழுதிய பெட்டியை வாங்கித் தொடங்குவதில் எந்தத் தவறும் இல்லை.

பெரிய நீராவி எஞ்சின்களுக்கு 2625 இர்விங்டன், 2627 மாடிசன், 2628 மன்ஹாட்டன். அடர் சிவப்பு பேக்கலைட்டில் வார்த்த, கனமான, பழைய புல்மன் பாணிப் பெட்டிகள். இர்விங்டன் என்பது லயனல் தொழிற்சாலை இருந்த ஊர். 1950இல் வந்த 773 ஹட்சன் எஞ்சினோடு லயனல் இந்த மூன்றையும்தான் கோத்து விற்றது. ஹட்சன் ஏறக்குறைய முழு அளவில் செய்யப்பட்டது. பெட்டிகளோ நீளத்தில் சுருக்கப்பட்டவை. ஆனாலும் உயரமும் அகலமும் கனமும் பொருந்துவதால் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. நீளம் குறைந்தால் கண் மன்னிக்கும். உயரம் மாறினால் மன்னிக்காது. 671 டர்பைன், 726 பெர்க்‌ஷைர் ஆகியவற்றுக்கும் இதே பெட்டிகளைப் பரிந்துரைக்கிறேன்.

எஃப்3 டீசல் எஞ்சின்களுக்கும் ஜிஜி1 மின்சார எஞ்சினுக்கும் 1952 முதல் வந்த அலுமினியப் பெட்டிகள். அச்சில் அழுத்தி இழுத்துச் செய்த அலுமினிய உடலில் நிஜ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டியின் வரிவரியான பக்கங்கள் அப்படியே வந்திருக்கின்றன. சான்டா ஃபே எஃப்3 எஞ்சினுக்குப் பின்னால் இத்தகைய நான்கு பெட்டிகள் விளக்கெரிய ஓடுவதை இருட்டறையில் ஒருமுறை பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார்.

5. எஞ்சினின் வலுவை அறிந்து பெட்டியைக் கூட்டுங்கள்.

1929இல் லயனல் தன் பெரிய ஸ்டாண்டர்டு கேஜில் கலிஃபோர்னியா, கொலராடோ, இலினாய், நியூயார்க் என்று மாநிலப் பெயர்கள் சூட்டிய பெட்டிகளை வெளியிட்டது. ஒவ்வொன்றும் 21½ அங்குல நீளம், கனத்த இரும்புத் தகடு, உள்ளே இருக்கைகள்கூட உண்டு. இவற்றை இழுக்க முதலில் கொடுத்த 381இ எஞ்சினுக்கு ஒரே மோட்டார். நான்கு பெட்டிகளை அதனால் சரியாக இழுக்க முடியவில்லை. இரண்டு மோட்டார் கொண்ட 408இ எஞ்சினை லயனல் அந்த இடத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று. செய்தவர்களுக்கே இந்தப் பாடம் தேவைப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணிகள் பெட்டி சரக்குப் பெட்டியை விடப் பாரமாக இழுபடும். காரணம் கனம் மட்டுமல்ல. உள்ளே விளக்கு எரிய, நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் உருளைகள் அடியில் அழுத்திக்கொண்டே வருகின்றன. அதனால் எஞ்சினைக் குறை சொல்லுமுன் பெட்டிகளைப் பாருங்கள். ஒரு பலகையை லேசாகச் சாய்த்து அதன்மேல் தண்டவாளத் துண்டை வைத்து ஒவ்வொரு பெட்டியையும் தனியாக விடுங்கள். தானே உருண்டு வருவது நல்ல பெட்டி. வராததன் அச்சு முனைகளிலும் உருளையின் ஊசியிலும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். அதிகம் விட்டால் தண்டவாளத்தில் வழிந்து சக்கரம் வழுக்கும்.

1950 முதல் லயனல் எஞ்சின்களில் வந்த மேக்னிட்ராக்‌ஷன், சக்கரங்களைக் காந்தமாக்கி இரும்புத் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளச் செய்கிறது. அதற்குத் தண்டவாளம் இரும்பாக இருக்க வேண்டும். இன்று விற்கும் நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் அந்தக் காந்தத்துக்கு வேலையே இல்லை. பழைய குழாய்த் தண்டவாளத்தில் நான்கு பெட்டிகளை இழுத்த எஞ்சின் புதிய தண்டவாளத்தில் திணறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

சிறிய எஞ்சினுக்கு மூன்று சிறிய பெட்டிகள், ஒரு மோட்டார் பெரிய எஞ்சினுக்கு மூன்று பெரிய பெட்டிகள், இரட்டை மோட்டாருக்கு நான்கு அல்லது ஐந்து. ஏற்றம் இருந்தால் ஒன்றைக் குறையுங்கள்.

6. பட்டியலின் உண்மையா, ரயிலின் உண்மையா என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய பொம்மை ரயிலை இரண்டு விதமாகப் பொருத்தலாம். லயனல் தன் வருடாந்திரப் பட்டியலில் எந்த எஞ்சினோடு எந்தப் பெட்டிகளை ஒரே பெட்டகமாக விற்றதோ அதே சேர்க்கையை அமைப்பது ஒன்று. நிஜ ரயில்வேயில் எந்த எஞ்சின் எந்தப் பெட்டிகளை இழுத்ததோ அதைப் பின்பற்றுவது மற்றொன்று. இரண்டும் பல சமயம் ஒன்றாக இருப்பதில்லை.

காங்கிரஷனல் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே பென்சில்வேனியா ரயில்வே ஓட்டிய பெருமைமிக்க வண்டி அது. 1952இல் பட் நிறுவனம் அதற்குப் புதிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகளைச் செய்து கொடுத்தது. லயனல் 1955இல் சிவப்பு ஜிஜி1 எஞ்சினோடு அலெக்சாண்டர் ஹாமில்டன், பெட்சி ராஸ், வில்லியம் பென், மாலி பிட்சர் என்ற நான்கு பெட்டிகளை வெளியிட்டது. சேகரிப்பாளர்கள் இன்றும் பெரிதாக மதிக்கும் தொகுதி. ஆனால் அதில் பெட்சி ராஸ் கூரைமேல் கண்ணாடிக் குமிழ் வைத்த டோம் பெட்டி. நிஜக் காங்கிரஷனலில் டோம் பெட்டி ஓடவே இல்லை. ஹட்சன் ஆற்றுக்கு அடியில் செல்லும் சுரங்கமும் மேலே ஓடும் மின்கம்பியும் அதற்கு இடம் தரமாட்டா. லயனலிடம் டோம் பெட்டியின் அச்சு தயாராக இருந்தது, குழந்தைகளுக்கும் அது பிடித்திருந்தது, அதனால் சேர்த்தார்கள். நீங்கள் பட்டியலின் உண்மையைப் பின்பற்றினால் பெட்சி ராஸ் இல்லாமல் அந்தத் தொகுதி முழுமையாகாது. ரயிலின் உண்மையைப் பின்பற்றினால் அதை அலமாரியில் வைத்துவிட்டு இன்னொரு வில்லியம் பென் தேடுங்கள். இரண்டும் நியாயமான வழிதான். ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல் வாங்குபவர்தான் பாதித் தொகுதிகளைச் சேர்த்துக்கொண்டு நிற்பார்.

இரண்டு உண்மைகளும் கூடிவரும் இடங்களும் உண்டு. கனடியன் பசிபிக் நிறுவனத்தின் ‘தி கனடியன்’ 1955 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 1957இல் லயனல் அதற்கொரு தொகுதி வெளியிட்டது: 2373 எஃப்3 எஞ்சின், பான்ஃப் பார்க், ஸ்கைலைன் 500, பிளேர் மேனர், கிரெய்க் மேனர். நிஜ வண்டியில் பார்க், மேனர், ஸ்கைலைன் என்றே பெட்டி வகைகளுக்குப் பெயர்கள் இருந்தன.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1949இல் சிகாகோவுக்கும் சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய கலிஃபோர்னியா செஃபிர் வண்டியில் எல்லாப் பெட்டிகளின் பெயரும் ‘சில்வர்’ என்று தொடங்கும். பர்லிங்டன், ரியோ கிராண்டே, வெஸ்டர்ன் பசிபிக் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஓட்டிய வண்டி அது. லயனலின் அலுமினிய வரிசையிலும் சில்வர் டான், சில்வர் ரேஞ்ச், சில்வர் கிளவுட், சில்வர் பிளஃப் என்றே பெயர்கள். டோம் பெட்டியும் அதில் உண்டு. நிஜ செஃபிரும் டோம் பெட்டிகளுக்காகவே பேர்பெற்றது. எனவே வெஸ்டர்ன் பசிபிக்கின் வெள்ளியும் ஆரஞ்சும் பூசிய எஃப்3 உங்களிடம் இருந்தால் இந்தப் பெட்டிகளைத் தவிர வேறெதையும் தேட வேண்டாம்.

சான்டா ஃபே எஃப்3 பற்றி ஒரு குறிப்பு. அந்த எஞ்சின் 1948இல் வந்தது; அலுமினியப் பெட்டிகள் 1952இல்தான் வந்தன. எனவே 1948ஆம் ஆண்டு எண்ணான 2333க்குப் பின்னால் அலுமினியப் பெட்டிகள் கோத்தால் ரயிலின் உண்மை நிற்கும். பட்டியலின் உண்மை நிற்காது. எனக்கு அந்தச் சேர்க்கை பிடிக்கும். கண்டிப்பான சேகரிப்பாளர்கள் மறுத்துத் தலையசைப்பார்கள், அவர்கள் கணக்கில் அதுவும் சரியே.

நீராவி எஞ்சினுக்குப் பின்னால் டோம் பெட்டி வைக்காதீர்கள். அமெரிக்காவில் டோம் பெட்டி 1945இல் பர்லிங்டன் ரயில்வேயில்தான் முதலில் வந்தது. அதற்கு முந்தைய காலத்து ஹட்சனுக்குப் பின்னால் அது காலம் தவறிய காட்சி.

7. வால் பெட்டி ஒன்றே ஒன்று, கடைசியில்.

முன்னால் சாமான் பெட்டி, பிறகு இருக்கைப் பெட்டிகள், டோம் அல்லது உணவுப் பெட்டி, அடுத்துப் படுக்கைப் பெட்டிகள், கடைசியில் வளைந்த முனையுள்ள அப்சர்வேஷன். மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு அப்சர்வேஷன் வாங்கிக் கோக்க வேண்டாம்.

8. உடன்பிறந்தவற்றைப் பிரிக்காதீர்கள்.

1934இல் வந்த யூனியன் பசிபிக் எம்-10000, 1935இல் வந்த ஃபிளையிங் யாங்கி, ஹயாவதா ஆகியவற்றில் பெட்டிகள் ஒன்றோடொன்று சக்கரத் தொகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. தனிப் பெட்டியாக வாங்கினால் அது நிற்கவே நிற்காது. முழுத் தொகுதி கிடைக்கும்வரை காத்திருங்கள். எம்-10000 வேண்டுமென்றால் ஓ72 வளைவும் வேண்டும். அந்த வண்டிக்காகத்தான் அந்த அகல வளைவையே லயனல் கொண்டுவந்தது.

நீலத்தில் வந்த புளூ காமெட் தொகுதியையும் பிரிக்க வேண்டாம். ஜெர்சி சிட்டிக்கும் அட்லான்டிக் சிட்டிக்கும் இடையே 1929இல் ஓடத் தொடங்கிய வண்டியைப் பார்த்துச் செய்தது. 400இ எஞ்சினும், ஃபே, வெஸ்ட்ஃபால், டெம்பெல் என்று வால்நட்சத்திரங்களின் பெயர் தாங்கிய மூன்று பெட்டிகளும் ஸ்டாண்டர்டு கேஜ் தொகுதி. இதே நீலத்தில் ஓ கேஜிலும் 263இ எஞ்சினோடு சிறிய தொகுதி உண்டு. நிறம் ஒன்று என்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஸ்டாண்டர்டு கேஜ் தண்டவாளத்தின் அகலம் 2⅛ அங்குலம். உங்கள் ஓ கேஜ் மேசையில் அந்தப் பெட்டியை வைக்கவே முடியாது.

9. கொக்கியைத் திருப்பிப் பாருங்கள்.

போருக்கு முந்தைய லாட்ச் கொக்கியும் 1945 முதல் வந்த நக்கிள் கொக்கியும் ஒன்றோடொன்று சேரா. போருக்குப் பிந்தையவற்றிலும் முதல் சில ஆண்டுகளுக்குரியவை கம்பிச்சுருளால் இயங்கும். 1940களின் இறுதியில் வந்தவை தண்டவாளத்தின் நடுவே உள்ள காந்தத்தால் திறக்கும். இரண்டும் இணைந்து ஓடும், ஆனால் கழற்ற வெவ்வேறு வழி தேவை. கொக்கியை மாற்றுவதற்காகப் பழைய பெட்டியின் சக்கரத் தொகுதியை அறுக்காதீர்கள். ஒரு பெட்டியை மட்டும் இடைப் பெட்டியாக வைத்துக்கொண்டு, ஒரு முனையில் பழையதும் மறுமுனையில் புதியதுமாகப் பொருத்துங்கள். கழற்றிய பாகத்தைப் பத்திரமாக உறையில் போட்டு எண்ணெழுதி வையுங்கள்.

10. விளக்கு எத்தனை, வாட் எத்தனை என்று கூட்டிப் பாருங்கள்.

பழைய குமிழ் விளக்கு ஒன்று சுமார் 3 வாட் எடுக்கும். பெரிய பெட்டிகளில் இரண்டு விளக்குகள் உண்டு. நான்கு பெட்டிகள் என்றால் எட்டு விளக்குகள், 24 வாட். 1033 டிரான்ஸ்ஃபார்மரில் 90 வாட் என்று எழுதியிருக்கும். அது சுவரிலிருந்து எடுக்கும் அளவு, தண்டவாளத்துக்குக் கொடுக்கும் அளவு அதைவிடக் குறைவு. அதில் கால் பங்குக்கு மேல் விளக்குக்கே போனால் இரட்டை மோட்டார் எஞ்சினுக்கு என்ன மிஞ்சும்? பெரிய பயணிகள் வண்டிக்கு 190 வாட் கேடபிள்யூ அல்லது 275 வாட் இசட்டபிள்யூ பார்த்து வாங்குங்கள். வயரின் மேலுறை வெடித்திருந்தால் முதலில் வயரை மாற்றுங்கள். சிறிய டிரான்ஸ்ஃபார்மரையே வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் எல்இடி போடலாம். பழைய விளக்கின் மஞ்சள் ஒளி வரும்படி தேர்ந்தெடுங்கள். வெள்ளை வெளிச்சத்தில் 1950ஆம் ஆண்டுப் பெட்டி ஆஸ்பத்திரி வார்டு போலத் தெரியும்.

11. பழுதையும் போலியையும் பிரித்தறியுங்கள்.

பேக்கலைட் பெட்டிகளில் மூலைகளையும் படிக்கட்டுகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்; விரல் நகத்தை ஓட்டினால் விரிசல் தட்டுப்படும். போருக்கு முந்தைய வண்டிகளில் துத்தநாக வார்ப்புச் சக்கரங்களையும் சக்கரத் தொகுதிகளையும் பாருங்கள். அந்தக் காலத்து உலோகத்தில் கலந்த ஈயம் முதலான அழுக்குகளால் உள்ளிருந்தே அரித்து, வீங்கி, பொரிந்துபோகும். வெளியே வண்ணம் பளபளத்தாலும் உள்ளே நொறுங்கும் நிலையில் இருக்கலாம். இதற்கு மருந்து கிடையாது, மாற்றுச் சக்கரம்தான்.

அலுமினியப் பெட்டிகளில் ஜன்னலுக்கு மேலும் கீழும் உள்ள பட்டையைக் கவனியுங்கள். சிலவற்றில் அது வரிவரியாக இருக்கும், சிலவற்றில் தட்டையாக. இரண்டும் அசல்தான், ஆனால் ஒரே வண்டியில் கலந்தால் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். பெயர்ப்பலகையை ஆணியடித்திருக்கிறார்களா, ஒட்டியிருக்கிறார்களா என்பதையும் ஒன்றுபோல வைத்துக்கொள்ளுங்கள். காங்கிரஷனல், கனடியன் பசிபிக் பெட்டிகளின் நிறப் பட்டைகள் உரிந்து, பிற்காலத்தில் செய்த பட்டைகளை ஒட்டியவை நிறைய உலவுகின்றன. ஓட்டுவதற்கு வாங்கினால் அதில் குறையில்லை. அசல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

அலுமினியத்தை மெல்லிய சோப்பு நீரில் துடைத்தால் போதும். உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த பெட்டியை மற்ற மூன்றோடு சேர்த்து நிறுத்திப் பாருங்கள், அது தனித்து நிற்கும். பழைய நிலைக்குத் திரும்பவும் வராது. வண்ணம் பூசுவதும் அப்படியே. எழுபது ஆண்டு கடந்த அசல் வண்ணத்தில் ஒரு கீறல் இருந்தால் அது கீறலாகவே இருக்கட்டும்.

12. வண்டியின் நீளத்தைத் தடத்தின் நீளத்தோடு ஒப்பிடுங்கள்.

ஓ31 வட்டத்தின் சுற்றளவு சுமார் 97 அங்குலம். நான்கு அலுமினியப் பெட்டிகள் ஐந்தடி. இரண்டு எஃப்3 எஞ்சின்கள் இரண்டடிக்குச் சற்று மேல். சேர்த்தால் 85 அங்குலத்துக்கு மேல். வண்டியின் மூக்கு தன் வாலையே துரத்திக்கொண்டு ஓடும். அதைப் பயணிகள் வண்டி என்று சொல்ல முடியாது. வண்டியின் நீளம் தடத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது என் கணக்கு. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையில் ஓ27 நீள்வட்டம் போட்டால் தடம் சுமார் 200 அங்குலம் வரும். மூன்று சிறிய பெட்டிகளும் எஞ்சினும் டெண்டரும் சேர்ந்து 55 அங்குலம். அந்தப் பலகைக்கு மிகச் சரியான வண்டி அதுதான். அந்த இடத்தில் சான்டா ஃபேயின் சூப்பர் சீஃப் போன்ற நீள வண்டி வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். அறை பெரிதாகும்வரை 2400 வரிசையை ரசித்து ஓட்டுங்கள்.

நடைமேடையும் இதே கணக்கில் வரட்டும். அதில் குறைந்தது இரண்டு பெட்டிகளாவது நிற்க வேண்டும். ஒரு பெட்டி நீளத்து நிலையத்தில் நான்கு பெட்டி வண்டி நிற்கும்போது கண் உறுத்தும்.

13. ஒவ்வொன்றாகச் சேர்க்கிறீர்கள் என்றால் இந்த வரிசையில்.

முதலில் இரண்டு இருக்கைப் பெட்டிகள், அவற்றை வைத்து வளைவையும் ஸ்விட்சையும் சோதியுங்கள். பிறகு அப்சர்வேஷன். கடைசியில் சாமான் பெட்டியும் டோமும். ஒவ்வொன்றின் எண்ணையும், பட்டை வகையையும், பெயர்ப்பலகை பொருத்திய விதத்தையும் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டும், வெட்டி வைத்த அட்டையும், உங்கள் எஞ்சினின் படமும் வாங்கப் போகும்போது கையில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருப்பவர்கள் டிரெய்ன் கலெக்டர்ஸ் அசோசியேஷன் உறுப்பினராகி, பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூடும் சந்தைக்குப் போய்வாருங்கள். இந்தச் சங்கத்தின் பொம்மை ரயில் அருங்காட்சியகம் அதே மாநிலத்தில் ஸ்ட்ராஸ்பர்க் ஊரில் இருக்கிறது. அங்கே ஸ்டாண்டர்டு கேஜ் தொகுதிகளை முழுதாகப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்ட பின் சந்தைக்குப் போவது நல்லது. சந்தையில் மேசை மேசையாக ஒரே எண்ணுள்ள பெட்டிகள் இருக்கும். முதல் மேசையில் வாங்காதீர்கள். பெட்டியைத் திருப்பிச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள், உருளை சுழல்கிறதா பாருங்கள், விற்பவர் சோதனைத் தண்டவாளம் வைத்திருந்தால் விளக்கை எரியவிடச் சொல்லுங்கள். பிறகு உங்கள் மேசையின் வளைவையும் எஞ்சினின் எண்ணையும் அவரிடம் சொல்லி, இந்தப் பெட்டி ஓடுமா என்று கேளுங்கள். விவரம் தெரிந்த வியாபாரி, ஓடாது என்றால் ஓடாது என்று சொல்லி எந்த மேசைக்குப் போக வேண்டும் என்றும் காட்டுவார். அந்த இரண்டையும் காதில் வாங்காமல் விலையை மட்டும் குறைத்துக்கொண்டே போகிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.